188ஆம் பக்கமும் என் பென்சிலும்

அன்று நூலகத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். வருகைப் பதிவேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், அதனால் தப்பு வராது.

ஒன்று, சின்ன வெங்காயம் போட்டிருக்கும் செல்வராசு அண்ணன். பேப்பரில் விலை நிலவரம் வரும் பக்கத்தை மட்டும் படிப்பவர். இரண்டு, தையல் மிஷின் வைத்திருக்கும் நூர்ஜஹான் அக்கா. வாரம் ரெண்டு புத்தகம் எடுப்பார், அதில் ஒன்றிலாவது கொலை இருக்க வேண்டும். மூன்று, சர்க்கார் வேலைப் பரீட்சைக்குப் படிக்கிற தமிழரசி. ஜன்னலோர நாற்காலி அவளுடையது. வேறு யாராவது உட்கார்ந்துவிட்டால் அவர்கள் எழுந்திருக்கும்வரை நின்றுகொண்டே படிப்பாள்.

நான்கு, ரெட்டிபாளையத்திலிருந்து ரெண்டு பஸ் மாறி வந்த சவரிமுத்து சார். சிமெண்ட் ஆலை எடை மேடையில் உட்கார்ந்து முப்பது வருஷம் லாரிகளை எடை போட்டு ரிட்டயர் ஆனவர். அதைப் பற்றியே 320 பக்கத்தில் ஒரு புத்தகம் எழுதியவர்.

ஐந்தாவது நான். நூலகர் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. இருந்தாலும் நான் அங்கே இருந்ததற்கு நாலு பேர் சாட்சி இருக்கிறார்கள்.

ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற ரோட்டில் எங்கோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலாபீஸிலும் இந்தப் பத்திரிகை வாங்குகிறார்கள். போன வாரம் இந்தத் தொடரில் எங்கள் நூலகத்துக் கரையான் விஷயத்தை எழுதிவிட்டு, மூணு நாள் எந்தப் போனையும் நான் எடுக்கவில்லை.

சவரிமுத்து சார் செருப்பை வாசலில் ஜோடியாக, நேராக வைத்தார். தோளில் ஒரு ரெக்ஸின் பை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"என் புத்தகத்தக் கொஞ்சம் எடுத்துக் குடும்மா. பின்னாடி அட்டையில ஒரு சீட்டு ஒட்டி தேதி குத்துவீங்கல்ல, அத மட்டும் பாத்துட்டு குடுத்துடறேன்."

எதுக்கு சார் என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

பைக்குள் இருந்தது இரண்டாம் பாகமாம். நீள நோட்டில் பாதிக்கு மேல் எழுதிவிட்டாராம். முதல் பாகம் அச்சாகி மூன்று வருஷம் ஆகிறது. சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தார், கூட வேலை பார்த்தவர்களுக்குக் கொடுத்தார், கல்யாண வீடுகளில் மொய்க் கவரோடு சேர்த்துக் கொடுத்தார். படித்தேன் என்று இதுவரை ஒருத்தரும் சொல்லவில்லை. மிச்சம் எழுபது பிரதி அட்டைப்பெட்டியில் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. எங்கள் நூலகத்துக்கு ஒன்று இலவசமாகக் கொடுத்திருந்தார். முன்பின் தெரியாத பத்துப் பேராவது அதை எடுத்துப் போயிருந்தால் மேலே எழுதுவது, இல்லாவிட்டால் திரும்பிப் போகும்போது அரியலூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துப் பழைய பேப்பர் கடையில் நோட்டைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவது. இதை ஏதோ கரண்ட் பில் கட்டப் போகிறேன் என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

பத்தெல்லாம் எப்போதோ தாண்டியாகிவிட்டது. சீட்டில் தேதிகள் நெருக்கிக்கொண்டு நின்றன, அதில் கவலை இல்லை. அந்தத் தேதிகளுக்கு மேலே பென்சிலில் நான் எழுதியிருந்த நாலு வரிதான் கவலை.

சீட்டில் எழுதும் வியாதி

அந்த நாலு வரிக்கு வருவதற்கு முன் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நான் ஒன்பதாவதோடு நின்றவள். அம்மா படுக்கையில் விழுந்ததும் பருத்தி எடுக்கப் போய்விட்டேன். கல்யாணமாகி, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு தனித்தேர்வாகப் பத்தாவது, அப்புறம் ப்ளஸ் டூ, அப்புறம் நூலகச் சான்றிதழ்ப் படிப்பு. ஊர்ப்புற நூலகர் வேலை கிடைத்தது. ஊரில் எல்லாரும் டீச்சர் என்கிறார்கள். அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் நிஜ டீச்சர் யாராவது பின்னால் நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்ப்பேன். இப்போதும்தான்.

சேர்ந்த முதல் வாரம் ஒருத்தர் ஒரு நாவலை நீட்டி, இது நல்லாருக்குமா என்று கேட்டார். தெரியலைங்க என்றேன். பருப்பு வேகுமா என்று கேட்டதற்கு மளிகைக் கடைக்காரி தெரியாது என்று சொன்னால் எப்படிப் பார்ப்பார்கள், அப்படிப் பார்த்தார். அன்றே அலமாரியின் இடது மூலையிலிருந்து வரிசையாகப் படிக்க ஆரம்பித்தேன்.

கவலை நிறைந்த தலையில் கதை நிற்காது. படித்த ரெண்டாம் வாரம் மறந்துபோகும். நோட்டில் குறித்து வைத்தால் நோட்டைக் காணோம் என்று ஒரு கவலை. அதனால் அந்தந்தப் புத்தகத்தின் தேதிச் சீட்டிலேயே, மேலே கொஞ்சம் இடம் இருக்குமே, அங்கே பொடி எழுத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன். எனக்காகத்தான். 'புத்தகங்களில் எழுதுவது குற்றம்' என்று கதவுக்குப் பக்கத்தில் ஓர் அட்டை தொங்குகிறது. அதுவும் நான் எழுதியதுதான்.

முதலில் கண்டுபிடித்தது நூர்ஜஹான் அக்கா. ஒரு நாள் ரெண்டு புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இதுல டீச்சர் அழுதிருக்கு, இதுல டீச்சர் பயந்திருக்கு, பயந்ததையே எடுத்துக்கறேன் என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. அவர் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தார். மறுவாரம் செல்வராசு அண்ணனின் சம்சாரம்கூடப் புத்தகத்தைப் பின்பக்கத்திலிருந்து திறந்தது. இப்போது எங்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தான் திறக்கிறார்கள்.

பால் என்ன ஆச்சு?

சமீபத்தில் படித்தவற்றில் சிலதைச் சொல்கிறேன். இந்தத் தொடரைப் படிக்கிறவர்கள் கடிதத்தில் கேட்கிறார்கள், நீங்க என்ன படிக்கறீங்க என்று.

ஒரு கொலைக் கதை. பதினாலாம் பக்கத்தில் துப்பறிகிறவர் அடுப்பில் பாலை வைக்கிறார். போன் வருகிறது. அப்படியே கிளம்பிப் போய்விடுகிறார். அதற்கப்புறம் ரெண்டு பிணம், ஒரு துரத்தல், கோர்ட்டு, எல்லாம் நடக்கிறது. அவர் வீட்டுக்குப் போகவே இல்லை. என்னால் ஒன்றையும் அனுபவிக்க முடியவில்லை. ரெண்டாவது பிணம் கிணற்றில் மிதக்கும்போதுகூட, சிலிண்டரை மூடினாரா என்றுதான் தோன்றியது. சீட்டில் எழுதினேன்: 'கொலைகாரன் கிடைச்சாச்சு. பால் என்ன ஆச்சுன்னு தெரியல.'

நூர்ஜஹான் அக்கா அதைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது முகமே சரியில்லை. "அல்லாவே, நான் பாட்டுக்கு நிம்மதியா பொணத்தப் பாத்துக்கிட்டு இருப்பேன் டீச்சர். ஒங்க சீட்டப் படிச்சதுலேந்து எனக்கும் பால் நெனப்பாவே போச்சு."

இன்னொன்று, நம்ம பக்கத்து மண்ணைப் பற்றின புத்தகம். அரியலூர், பெரம்பலூர் எல்லாம் ஒரு காலத்தில் கடலுக்குள் இருந்ததாம். அதில் எனக்கு ஆச்சரியமில்லை. எங்கள் வீட்டுத் துணி துவைக்கிற கல்லில் நத்தை மாதிரி ஒரு சுருள் பதிந்திருக்கிறது, அந்தக் குழியில்தான் சோப்பு வைப்போம். ஆனால் போன கடல் திரும்பி வருமா என்பதை ஆசிரியர் எங்கேயும் சொல்லவில்லை. பொருளடக்கத்திலும் தேடிவிட்டேன். அந்த வாரம் கீழ்த்தட்டுப் புத்தகங்களை எல்லாம் மேல்தட்டுக்கு மாற்றினேன். காரணம் கேட்ட செல்வராசு அண்ணனிடம் உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். இன்றைக்கும் உள்ளே நுழையும்போது, கடல் எதுவரைக்கும் வந்திருக்கு டீச்சர் என்று கேட்டுவிட்டுத்தான் பேப்பரை எடுக்கிறார்.

மொழிபெயர்ப்பு நாவல் ஒன்று, எழுநூறு பக்கம். அதில் வரும் ஆட்களின் பெயர் ஒவ்வொன்றும் ரயில் பெட்டி மாதிரி நீளம். பாதியில் குழம்பிப்போய், ஆளுக்கொரு சொந்தக்காரர் பெயரை வைத்துக்கொண்டேன். பண்ணையார் பெரியப்பா. அவர் தம்பி சித்தப்பா. நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. முன்னூற்றுச் சொச்சம் பக்கத்தில் தம்பிக்குக் காய்ச்சல் கண்டு மூணே பக்கத்தில் செத்துப்போனார்.

மறுநாள் காலையில் வாலிகண்டபுரம் பஸ்ஸில் இருந்தேன், மடியில் ஒரு சீப்பு வாழைப்பழம். சித்தப்பா சட்டை போடாமல் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். என்ன திடீர்னு என்றார். சும்மா பாத்துட்டுப் போலாம்னு என்றேன். காய்ச்சல் கீய்ச்சல் இருக்கா என்று ரெண்டு தடவை கேட்டேன். அவர் பழத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அந்த ஓடையோரத்து நெலத்துல ஒனக்குப் பங்கு கெடையாது, அதுக்குத்தானே வந்த என்றார். சீட்டில் எழுதினேன்: 'நல்ல கதை. சொந்தக்காரங்க பேர வச்சுப் படிக்காதீங்க.'

கவலையை விடுவது எப்படி என்று சொல்லும் புத்தகமும் ஒன்று படித்தேன். மூணாவது அத்தியாயத்தின் முடிவில், கண்ணை மூடிப் பத்து நிமிஷம் எதையும் நினைக்காமல் இருங்கள், அப்புறம்தான் அடுத்த அத்தியாயத்துக்குப் போக வேண்டும் என்று போட்டிருந்தது. நான் இன்னும் மூணாவது அத்தியாயத்தில்தான் இருக்கிறேன்.

லாரி வருது, லாரி போகுது

சவரிமுத்து சாரின் புத்தகத்தை நான் ஆசையாகத்தான் எடுத்தேன். நம்ம பக்கத்து ஆள், நம்ம பக்கத்து ரோடு.

சுரங்கத்திலிருந்து சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி வரும். மேடையில் ஏறும். எடை காட்டும். சார் சீட்டுக் கொடுப்பார். லாரி போகும். கல்லை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பி வரும். மேடையில் ஏறும். எடை காட்டும். கழித்தால் லோடு. அடுத்த லாரி. வண்டி நம்பர், டிரைவர் பெயர், தேதி, எடை எல்லாம் கிலோ சுத்தமாக இருந்தது. ஒன்றில்கூடத் தப்பிருக்காது என்று என்னால் சத்தியம் பண்ண முடியும். ஆனால் நான் நாற்பத்திரண்டாம் பக்கத்தில் தூங்கிவிட்டேன்.

பாவம், மனுஷர் எழுதியிருக்கிறாரே என்று முழுக்கப் படித்தேன். 188ஆம் பக்கம் வந்தது.

அந்த ஒரு பக்கத்தில் லாரி இல்லை. எண் காட்டும் புது மிஷின் வந்த சமயம். அதில் எடை இருபது இருபது கிலோவாகத்தான் ஏறும். ஒரு மத்தியானம் லாரி ஒன்றும் வராத நேரத்தில், சோறு கொண்டுவந்த மனைவியை விளையாட்டுக்கு மேடை நடுவில் நிற்கச் சொல்கிறார். அறுபது காட்டுகிறது. சில மாதம் கழித்து அந்த அம்மா வயிற்றுப் பிள்ளையோடு வருகிறார். மறுபடி நிற்கச் சொல்கிறார். அப்போதும் அதே அறுபது. இவ்வளவு பெரிய லாரியை எல்லாம் கண்டுபிடிக்கிற மிஷினுக்கு என் பிள்ளையைத் தெரியவில்லையே என்று எழுதுகிறார். அப்புறம் சாப்பாட்டுக் கேரியரையும் கையில் வைத்துக்கொண்டு நிற்கச் சொல்கிறார். எண்பது. 'அந்த இருபது என் பிள்ளைக்கா, குழம்புக்கா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது' என்று பக்கம் முடிகிறது.

நான் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சீட்டில் எழுதினேன். அந்த நாலு வரி இதுதான்:

'9லேருந்து 187 வரைக்கும் லாரி.
42ல தூங்கிட்டேன்.
188 மட்டும் படிங்க. அவ்ளோ நல்லாருக்கு.
189லேருந்து மறுபடி லாரி.'

அன்றிலிருந்து அந்தப் புத்தகம் ஓய்ந்ததே இல்லை. சாயங்காலம் எடுப்பார்கள், 188ஐப் படிப்பார்கள், காலையில் கொண்டுவந்து வைப்பார்கள். மாதக் கணக்கு எழுதும்போது எனக்கே பெருமையாக இருந்தது.

ரப்பர்

இனி அன்றைக்குத் திரும்புகிறேன். சவரிமுத்து சார் நின்றுகொண்டிருக்கிறார். நான் அலமாரியைத் தேடுவதுபோல் தேடினேன். நல்லவேளை, புத்தகம் அங்கே இல்லை.

வெளியில போயிருக்கு சார் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. வெளியில போயிருக்கா, வெளியிலயா என்று ரெண்டு தடவை கேட்டார். இப்படியே பஸ் ஏற்றி அனுப்பிவிடலாம் என்று நான் கணக்குப் போட்டு முடிக்கும் முன்னால், நூர்ஜஹான் அக்கா துணிப்பையிலிருந்து புத்தகத்தை எடுத்து மேஜையில் வைத்தார். திருப்பத்தான் கொண்டாந்தேன் டீச்சர், இதத்தானே சார் கேக்குறாரு என்றார்.

எழுதினவர் அவர்தான் என்று தெரிந்ததும் அக்காவுக்கு முந்தானையைச் சரி செய்யத் தோன்றிவிட்டது. மூணு தடவ படிச்சேன் சார் என்றார். சார் கையைக் கூப்பிவிட்டார். எதை மூணு தடவை என்று எனக்கல்லவா தெரியும்.

வரவு வைக்கணும், ஒரு நிமிஷம் சார் என்று புத்தகத்தை வாங்கி, மேஜைக்குக் கீழே குனிந்து, என் சின்னவளின் பழைய ரப்பரால் தேய்த்தேன். காய்ந்துபோன ரப்பர். அழிவதற்குப் பதிலாகக் கறுப்பாகப் பரவியது. இன்னும் அழுத்தினேன். அந்த நாள் முழுக்கத் தலை நிமிராத தமிழரசி அப்போது பார்த்து நிமிர்ந்து, அக்கா சீட்டு கிழியுது என்றாள்.

சார் கையை நீட்டினார். கொடுத்துவிட்டேன்.

முதலில் தேதிகளை விரலால் எண்ணினார். பதினேழு. கீழிருந்து மேலாக மறுபடியும் எண்ணினார். பதினேழுதான். பிறகு கண்ணாடியை எடுத்துப் போட்டார். கறுப்பாகப் பரவியிருந்தாலும் எழுத்து தெரிந்தது. நாலு வரியையும் படித்தார்.

புத்தகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, லோடு சரிந்திருக்கிறதா என்று பார்ப்பவர் மாதிரி ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பக்கங்களின் ஓரம் வெள்ளை வெளேரென்று இருந்தது, நடுவில் மட்டும் மெல்லிசாக ஒரு அழுக்குக் கோடு. அறுபத்தைந்தாம் பக்கத்திலிருந்து சில தாள்கள் அச்சாபீஸில் வெட்டு விழாமல் மேலே ஒட்டியே இருந்தன. அதற்குள் விரலை விட்டுப் பார்த்தார், போகவில்லை. நான் எப்படி முழுக்கப் படித்தேன் என்கிறீர்களா? ஒட்டின பக்கங்களைக் கீழ்ப்பக்கமாக விரித்து, குழாய்க்குள் பார்ப்பதுபோல் படித்தேன். புத்தகத்தைக் கிழித்துவிடுவேனோ என்ற பயம்தான்.

புத்தகத்தை மேஜையில் வைத்துக் கையை எடுத்தார். அது தானாகவே விரிந்தது. எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை.

"இத எழுதினது யாரும்மா?"

நாந்தான் சார் என்றார் நூர்ஜஹான் அக்கா, கொஞ்சமும் யோசிக்காமல். சார் கதவோரத்து அட்டையைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் எழுந்து நின்றேன்.

"நாந்தான் சார். தப்புதான். மேலாபீஸ்ல எழுதிக் குடுத்தீங்கன்னாக்கூட நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அந்த நோட்ட மட்டும் கடையில போட்டுடாதீங்க சார்."

"நாப்பத்திரண்டுல எந்த எடத்துல தூங்கின?"

"மேலேந்து மூணாவது பத்தி சார். டயர் வெடிச்ச எடம்."

"டயர் வெடிச்ச எடத்துலயா?"

அவருக்கு மற்ற எதையும்விட அதுதான் வலித்தது என்று நினைக்கிறேன். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அந்த 188 எப்படி வந்தது என்று சொன்னார்.

முந்தின அத்தியாயம் 187இல் முடிந்துவிட்டதாம். அடுத்தது வலது கைப் பக்கத்தில்தான் ஆரம்பிக்க வேண்டுமாம். நடுவில் ஒரு பக்கம் வெள்ளையாக நிற்கும், விட்டுவிடலாமா என்று அச்சாபீஸில் கேட்டிருக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கின காகிதத்தை வெள்ளையாக எதற்கு விடுவது என்று அங்கேயே மிஷின் சத்தத்தில் நின்றுகொண்டு பத்து நிமிஷத்தில் எழுதிக் கொடுத்தாராம். புத்தகம் வந்ததும் அவர் சம்சாரம் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, வூட்டு விசயத்த ஊருக்கெல்லாம் குடுத்துட்டீங்களே என்று கோபித்துக்கொண்டு, அதற்கப்புறம் புத்தகத்தைத் தொடவே இல்லை.

"அப்ப பதினேழு பேரு படிச்சது என் புத்தகமே இல்ல."

"நல்லாருக்கே சார்" என்றார் நூர்ஜஹான் அக்கா. "மேடையில நின்னது ஒங்க சம்சாரம். நிக்கச் சொன்னது நீங்க. அது ஒங்க புத்தகம் இல்லாம எம் புத்தகமா?"

சார் பையிலிருந்து நோட்டை எடுத்து நாலு பக்கம் புரட்டினார். எட்டிப் பார்த்தேன். வண்டி நம்பர், வண்டி நம்பர், வண்டி நம்பர். மூடி உள்ளே வைத்தார். பிறகு, புத்தகம் கொடுத்த அன்று எங்கள் நூலகத்தில் சேர்ந்து வாங்கிய உறுப்பினர் அட்டையை எடுத்து நீட்டி, அந்தப் புத்தகத்தைத் தன் பெயரில் எழுதச் சொன்னார். உங்க வூட்டுல எழுபது இருக்கே சார் என்றேன். அதுல இந்தச் சீட்டு இல்லையேம்மா, அவகிட்ட இதக் காட்டணும் என்றார்.

அவசரத்தில் தேதியைத் தலைகீழாகக் குத்திவிட்டேன். பதினெட்டாவது ஆள் அவர். புத்தகமும் நோட்டும் ஒரே பைக்குள் போயின. அரியலூர் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

பழைய பேப்பர் கடையில்

தவணை நாள் வந்தது. சார் வரவில்லை. ஒரு வாரம் போனது. நேரம் தவறாத மனுஷர் ஏன் வரவில்லை? நோட்டைக் கடையில் போட்டிருப்பார். அந்த வேகத்தில் என் புத்தகத்தையும் போட்டிருப்பார். இல்லை, கோபத்தில் ரத்த அழுத்தம் ஏறி ஆஸ்பத்திரியில் இருப்பார். அதற்குக் காரணம் 42.

உறுப்பினர் பதிவேட்டில் போன் நம்பர் இருந்தது. மூணு தடவை போட்டு, ஒவ்வொரு தடவையும் ஒரு மணி அடித்ததும் வைத்துவிட்டேன். நாலாவதாக எனக்கே போன் வந்தது. யாரு அது, அடிச்சி அடிச்சி வைக்கறது என்று ஒரு பெண் குரல் அதட்டியது. தப்பான நம்பர் என்று சொன்னேன். கூப்பிட்டது நான்தானே என்று அந்த அம்மா கேட்டார். அதுவும் நியாயம்தான்.

வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை. கிளம்பிவிட்டேன். அரியலூரில் இறங்கியதும் முதலில் பழைய பேப்பர் கடைக்குப் போனேன். நீளமாக, கெட்டி அட்டை போட்ட நோட்டு ஏதாவது வந்ததா என்று கேட்டேன். கடைக்காரர் பின்னால் இருந்த குவியலைக் கையால் காட்டினார். புடவையைச் செருகிக்கொண்டு ஒரு மணி நேரம் கிளறினேன். எத்தனையோ பேருடைய கணக்கு நோட்டு, கல்லூரி நோட்டு, ஒரு ஜாதகம்கூட இருந்தது. சவரிமுத்து சார் இல்லை. மனசு ஆறவில்லை. போன வாரக் குவியல் எங்கே என்றேன். அது சிவகாசி போயிருக்கும் என்றார்.

ரெட்டிபாளையத்தில் வீட்டைக் கண்டுபிடிக்கக் கஷ்டமில்லை. வாசலில் செருப்பு ஜோடியாக, நேராக இருந்தது. கதவைத் திறந்தது அந்த அம்மா. லூர்தம்மா என்று பெயர். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கதானே அந்தப் பென்சிலு?"

ஆமாங்க என்றேன். உள்ளே வரச் சொன்னார்.

சார் மேஜையில் இருந்தார். முன்னால் நோட்டு, கனம் குறைந்துபோய். லாரிய எல்லாம் எடுத்துட்டேன்மா, பதினோரு பக்கம்தான் மிச்சம் நின்னுது என்றார். கிழித்த தாள்கள் நூல் போட்டுக் கட்டி, கட்டிலுக்கு அடியில், அந்த எழுபது பிரதிகளுக்குப் பக்கத்தில் இருந்தன. அதையும் போட மனசு வரவில்லையாம். இப்போது பன்னிரண்டாவது பக்கம் எழுதிக்கொண்டிருப்பதாகவும், ஆனால் எழுதுவதற்கு இந்த அம்மாவைக் கேட்க வேண்டியிருப்பதாகவும், அவர் ஒரு நேரத்துக்குச் சொல்வதாகவும் ஒரு நேரத்துக்குச் சொல்லாததாகவும் புகார் சொன்னார். எனக்குக் கண் கலங்கியது. நல்லவேளை, காபி வந்தது.

காபியை வாங்கும்போதுதான் என் புத்தகத்தைப் பார்த்தேன். லூர்தம்மாவின் நாற்காலியில் விரித்துக் கவிழ்த்திருந்தது. பக்கத்தில் ஒரு கறிகாய்க் கத்தி. ஒட்டின தாள்களை எல்லாம் கத்தியால் நீவிப் பிரித்திருந்தார். எடுத்துப் புரட்டினேன்.

188ஆம் பக்கத்தின் அடியில் எழுதியிருந்தது: 'பொய். அன்னைக்குக் கொழம்பு இல்ல. தயிர்சோறு.'

அது மட்டும் என்றால் பரவாயில்லை. ஒன்பதாம் பக்கத்திலிருந்தே ஒவ்வொரு லாரிக்கும் பக்கத்தில், ஓரத்து வெள்ளையில், சாய்வான எழுத்தில் வரிசையாக இருந்தது. 'இந்த லாரி அன்னைக்கு வூட்டுல அரிசி இல்ல. இவருக்குத் தெரியாது.' 'இந்தத் தேதி பெரியவளுக்கு மொத பல்லு.' 'இந்த லாரிக்கு ஓவர்டைம். நான் மட்டும் ஏலாக்குறிச்சி மாதா கோயில் போயிட்டு வந்தேன்.' நான் தூங்கின நாற்பத்திரண்டாம் பக்கத்தில், டயர் வெடித்த இடத்துக்கு நேராக: 'அன்னைக்கு ராத்திரி இவரு கை நடுங்கிச்சு. யார்ட்டயும் சொல்லல. நாந்தான் சோறு ஊட்டினேன்.'

அதை நான் மறுபடி படித்தேன். தூக்கம் வரவில்லை.

படித்து முடித்த பிறகுதான் தலையில் இடி விழுந்தது. பென்சில் என்றால் நல்ல ரப்பர் வாங்கி அழித்துவிடலாம். அந்த அம்மா பேனாவில் எழுதியிருந்தார். நீல மை. இருப்பெடுக்க வருகிற அதிகாரி நேராக இந்தப் புத்தகத்தைத்தான் எடுப்பார். லூர்தம்மாவிடம் கேட்டேன்.

"ஏம்மா, பொட்டியில எழுபது சும்மாதானே கெடக்கு. அதுல ஒண்ணுல எழுதக் கூடாதா?"

"அதுல எழுதினா இவரு மட்டுந்தான் படிப்பாரு" என்றார் லூர்தம்மா. "இதுல எழுதினா ஊரு படிக்கும்ல."

வூட்டு விசயத்த ஊருக்குக் குடுத்துட்டீங்களேன்னு சண்டை போட்டவ இவதாம்மா என்றார் சார் மேஜையிலிருந்து. லூர்தம்மா அந்தப் பக்கமே திரும்பவில்லை. நீங்க குடுத்தது தப்புத்தப்பா இருந்துச்சு, அதான் சண்ட என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். நூற்று நாற்பதாம் பக்கம் வரைக்கும்தான் ஆகியிருக்கிறதாம். முடிக்காமல் தர முடியாதாம்.

நான் தடுத்திருக்க வேண்டும். நூலக விதியைச் சொல்லியிருக்க வேண்டும். அரியலூர் திரும்பும் பஸ்ஸில் அதையெல்லாம் ஒழுங்காகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அங்கே என் வாயிலிருந்து வந்தது, தவணை தாண்டிடுச்சுங்க, அபராதம் ஏறுது என்பது மட்டும்தான். ஏறட்டும் என்றார் லூர்தம்மா. சார் மட்டும் பேனாவை வைத்துவிட்டு, ஒரு நாளைக்கு எவ்வளவு என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

இதை எழுதும் இன்று வரை புத்தகம் வரவில்லை. நூர்ஜஹான் அக்கா, செல்வராசு அண்ணன் சம்சாரம், அப்புறம் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள், தமிழரசி, மூணு பேரும் அடுத்து தனக்குத்தான் என்று பெயர் கொடுத்து வைத்திருக்கிறார்கள். லூர்தம்மா 260ஆம் பக்கத்தில் இருப்பதாகப் போனில் தகவல். அபராத பாக்கி நாலு ரூபாய் எழுபது காசு.